சொந்தச் சீட்டுக்கட்டு: 60, 4 என்ற இரண்டு எண்களின் கதை

ரம்மி ஆட உட்கார்ந்த ஒருவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு ஜோக்கரை எடுத்துக் கட்டில் சொருகினால் அதற்கு நம்மூரில் பெயர் அழுகுணி ஆட்டம். மங்காத்தா, ஆஸ், கழுதை எதுவாக இருந்தாலும் சீட்டுக்கட்டு எல்லாருக்கும் பொது. யாருக்கு எது வந்தது என்பதில்தான் வித்தியாசம். நான் பள்ளியில் படித்த 90-களில் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு பிரபலம். உயரம், எடை, ரேங்க் என்று எண்களைச் சொல்லிச் சீட்டைப் பிடுங்குவோம். அதிலும் ஒரே கட்டுதான். அதைக் குலுக்கி இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். நல்ல சீட்டு வந்தவன் ஜெயிப்பான், அவ்வளவுதான்.

அதே காலத்தில், 1993 ஆகஸ்டில், அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி இதை அப்படியே தலைகீழாகத் திருப்பிப்போட்டது. ஆளுக்கு ஒரு கட்டு, அவரவர் வீட்டில் உட்கார்ந்து யோசித்துச் சேர்த்த கட்டு. எதிராளி கட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, உங்கள் கட்டில் இருப்பது அவருக்குத் தெரியாது. ரம்மியில் எது திருட்டோ அதுவே இங்கே ஆட்டத்தின் முதல் பாதி. அந்த ஆட்டத்தின் பெயர் மேஜிக்: த கேதரிங். பிற்பாடு வந்த போக்கிமான், யூ-கி-ஓ சீட்டு ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடி இதுதான்.

நானும் அலுவலக நண்பர்கள் சிலரும் சில வருடங்களாக மதிய இடைவேளையில் இதை ஆடிக்கொண்டிருக்கிறோம். ஆடத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. கட்டில் குறைந்தது 60 சீட்டு இருக்க வேண்டும், ஒரே சீட்டு 4-க்கு மேல் கூடாது என்கிற விதியை யார் போட்டார்கள்? ஏன் 60? ஏன் 4? ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் முதல் நாளே போட்ட விதி என்றுதான் யாரும் நினைப்பார்கள். பழைய கட்டுரைகளைத் தேடிப் படிக்கப் படிக்க வேறு கதை கிடைத்தது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு பத்தி

இருவருக்கும் 20 உயிர்ப் புள்ளிகள். எதிராளியின் புள்ளியைச் சுழியாக்கினால் வெற்றி. கட்டில் பொதுவாக இரண்டு வகைச் சீட்டுகள் இருக்கும். ஒன்று நிலச் சீட்டு. ஒரு முறைக்கு ஒன்றைத்தான் கீழே வைக்கலாம். ஒவ்வொரு நிலமும் ஒவ்வொரு முறையும் 1 'மனா' தரும். மனா என்றால் செலவழிக்கும் ஆற்றல், கைக்காசு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று அந்தக் காசைக் கொடுத்து இறக்கும் சீட்டுகள்: சண்டைக்குப் போகும் உயிரினங்கள், மந்திரங்கள், கருவிகள். முதலில் கையில் 7 சீட்டு, பிறகு முறைக்கு 1. இதை வைத்துக்கொண்டால் மீதியைப் புரிந்துகொள்ளலாம்.

கணக்கு வாத்தியாரின் கணிப்பு

கண்டுபிடித்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்வியல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1991-ல் ரோபோராலி என்ற பலகை விளையாட்டை எடுத்துக்கொண்டு பீட்டர் அட்கிசனிடம் போனார். அட்கிசன் போயிங்கில் வேலை பார்த்தவர், விளையாட்டு ஆர்வத்தில் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற கம்பெனியைத் தொடங்கியிருந்தார். ரோபோராலியை அச்சிட அந்தச் சின்னக் கம்பெனியிடம் பணம் இல்லை. "செலவு குறைவாக, கையில் எடுத்துப்போகிற மாதிரி, விளையாட்டு மாநாடுகளில் இரண்டு நிகழ்ச்சிக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் ஆடி முடிக்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா?" என்கிற மாதிரி அவர் கேட்டார். அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் மேஜிக்.

இதில் ஒரு சுவாரசியம். கார்ஃபீல்டின் முதல் சோதனைப் பதிப்பில் சொந்தக் கட்டே கிடையாது. மொத்தம் 120 சீட்டு. அதைக் குலுக்கி இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. நம் டிரம்ப் கார்டு மாதிரியேதான். அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழக நண்பர்களிடம் ஆளுக்குக் கொஞ்சம் சீட்டைக் கொடுத்து, பண்டமாற்று செய்துகொண்டு, விருப்பப்படி கட்டிக்கொள்ள விட்டார். வருடக்கணக்கில் ஆடிப் பார்த்தார்கள். நண்பர்கள் சீட்டுக்காகப் பேரம் பேசினார்கள், கட்டைக் கலைத்துக் கலைத்துக் கட்டினார்கள். ஆடாத நேரத்திலும் ஆட்டம் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்கு வந்தபோது விதிப்புத்தகம் சொன்னது இவ்வளவுதான்: குறைந்தது 40 சீட்டு. ஒரே சீட்டு எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். உச்சவரம்பே இல்லை.

இன்றைக்குப் பார்த்தால் அசட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கணிப்பு இருந்தது. ஒருவர் ஒரு தொடக்கக் கட்டு வாங்குவார், அதில் 60 சீட்டு. கூட 15 சீட்டுப் பொட்டலம் ஒன்றிரண்டு வாங்குவார். பலகை விளையாட்டுக்குச் செலவழிக்கிற அளவுதான் இதற்கும் செலவழிப்பார். அப்படியானால் பலமான சீட்டு அரிதாக இருந்தால் போதும், ஒரு ஊருக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். விதி போட்டுத் தடுக்க வேண்டியதை அச்சகமே தடுத்துவிடும்.

அந்தக் கணிப்பின் தடயம் சீட்டுகளிலேயே இருக்கிறது. முதல் தொகுப்பில் ஐந்து நிறத்துக்கும் ஒவ்வொன்றாக ஐந்து சீட்டுகள் உண்டு. எல்லாவற்றின் விலையும் 1 மனா, எல்லாம் 'மூன்று' தரும். சிவப்பின் லைட்னிங் போல்ட் 3 புள்ளி அடிக்கும். கறுப்பின் டார்க் ரிச்சுவல் 3 மனா தரும். பச்சையின் ஜயண்ட் க்ரோத் ஒரு உயிரினத்தின் பலத்தை அந்த முறைக்கு மூன்று மூன்று கூட்டும். வெள்ளையின் ஹீலிங் சால்வ் 3 புள்ளி காப்பாற்றும். நீலத்தின் ஆன்செஸ்ட்ரல் ரீகால் 3 சீட்டு எடுக்க வைக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் ஐந்தும் சமம். ஆனால் முதல் நான்கையும் 'பொது'ச் சீட்டாக அச்சிட்டவர்கள், ஐந்தாவதை மட்டும் 'அரிது' பட்டியலில் வைத்தார்கள். மூன்று புதிய சீட்டு என்பது மற்ற நான்கையும் விட எவ்வளவோ பெரியது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் பலத்தைக் குறைக்கவில்லை, எண்ணிக்கையைத்தான் குறைத்தார்கள்.

அச்சகம் தடுக்கவில்லை

முதல் அச்சான ஆல்ஃபாவில் 26 லட்சம் சீட்டுகள். ஒவ்வொரு அரிய சீட்டும் சுமார் 1,100 பிரதிதான். அடுத்து வந்த பீட்டாவில் சுமார் 73 லட்சம். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1 கோடி. அதுவும் பற்றாமல் 1993 முடிவதற்குள் மூன்றாவது அச்சு வந்துவிட்டது.

வாங்கியவர்கள் ஒரு பொட்டலத்தோடு நிற்கவில்லை, பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். அதைவிட முக்கியம், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள். எது பொது, எது அரிது என்கிற குறி அப்போது சீட்டில் கிடையாது. 1998-ல் வந்த எக்ஸோடஸ் தொகுப்பிலிருந்துதான் அந்த அடையாளமே வந்தது. ஆட்டக்காரன் ஒவ்வொரு சீட்டையும் எதிராளி கையில் பார்த்து ஆச்சரியப்பட வேண்டும் என்பது ஆசை. யூஸ்நெட் குழுக்களில் இருந்தவர்கள் அந்த ஆசையில் மண் போட்டார்கள். பெரும்பாலும் கல்லூரிக் கணினியில் உட்கார்ந்திருந்த நம் இனத்து ஆட்கள்தான். பட்டியல் போட்டார்கள், விலை பேசினார்கள், தபாலில் மாற்றிக்கொண்டார்கள். ஒரு ஊருக்கு ஒன்று என்று நினைத்த சீட்டு, தேடிப் போகிறவன் கையில் பத்தாகச் சேர்ந்தது.

உச்சவரம்பு இல்லாத ஆட்டத்தில் அது என்ன செய்யும்? அரிய சீட்டே வேண்டாம், லைட்னிங் போல்ட் என்ற பொதுச் சீட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு 1 மனா, 3 புள்ளி அடி. கட்டு முழுக்க போல்ட்டும் அதற்கு வேண்டிய மலை நிலமும் மட்டுமே. முதல் முறை ஒரு நிலம், ஒரு போல்ட், 3 புள்ளி. இரண்டாம் முறை இரண்டு போல்ட், மொத்தம் 9. மூன்றாம் முறை மூன்று, மொத்தம் 18. நான்காம் முறை இன்னும் ஒன்று, 21. எதிராளியிடம் இருந்தது 20. தேவைப்பட்டது ஏழு போல்ட், மூன்று நிலம், ஆக பத்துச் சீட்டு. நான்காம் முறைக்குள் உங்கள் கைக்கு வந்திருப்பது பதினொன்று. எதிராளி என்ன கொண்டுவந்தார் என்று பார்க்கவே தேவையில்லை.

இது பொதுச் சீட்டின் கதை. விலையே இல்லாமல் 3 மனா தரும் ப்ளாக் லோட்டஸ், இன்னொரு முறை ஆட வைக்கும் டைம் வாக், ஆன்செஸ்ட்ரல் ரீகால் எல்லாம் ஆளுக்குப் பத்து என்று சேர்ந்தால், முதல் முறையிலேயே கதை முடிந்துவிடும். குலுக்கிப்போட்டு யார் முதலில் என்று பார்ப்பதுதான் மிச்சம். அதற்கு நாணயத்தைச் சுண்டிவிட்டுப் போகலாமே.

கணிப்பில் இன்னொரு பாதுகாப்பும் இருந்தது. ஆட்டத்துக்கு முன் ஆளுக்கு ஒரு சீட்டைப் பணயம் வைக்க வேண்டும், ஜெயித்தவர் எடுத்துக்கொள்வார். இதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் எழுதினால் அத்தை, சித்தி ஞாபகம்தான் வரும், அதனால் பணயம் என்றே சொல்கிறேன். பலமான சீட்டு வைத்திருப்பவர் அதை இழக்கவும் நேரும், அதனால் சீட்டுகள் கை மாறிக்கொண்டே இருக்கும் என்பது திட்டம். காசு கொடுத்து வாங்கிய சீட்டை ஒரு தோல்விக்காக யார் கொடுப்பார்கள்? சூதாட்டம் என்கிற பேச்சும் வரத்தானே செய்யும்? பணய முறை கொஞ்ச நாளில் வழக்கொழிந்துபோனது.

1994: இரண்டு எண்கள்

1994 தொடக்கத்தில், போட்டிகளை நடத்துவதற்காக அதே கம்பெனி தொடங்கிய டூயலிஸ்ட்ஸ் கான்வொகேஷன் என்ற அமைப்பு, போட்டிக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. கட்டில் குறைந்தது 60 சீட்டு. அடிப்படை நிலங்களைத் தவிர எந்தச் சீட்டும் 4-க்கு மேல் கூடாது. மிகப் பலமான சில சீட்டுகள் கட்டுக்கு 1 மட்டும். பணயச் சீட்டுகளுக்குத் தடை. ப்ளாக் லோட்டஸும் ஆன்செஸ்ட்ரல் ரீகாலும் அந்த 'ஒன்று மட்டும்' பட்டியலில் இருந்தன. அச்சகம் செய்யும் என்று நம்பியிருந்த வேலையை எழுத்து விதி எடுத்துக்கொண்டது.

இந்த எண்கள் என்ன செய்கின்றன என்று ஒரு நாள் இரவு சின்னதாக ஒரு நிரல் எழுதிப் பார்த்தேன். நிரல்கூட வேண்டாம், பிளஸ் டூவில் படித்த சேர்மானக் கணக்கே போதும்.

40 சீட்டுக் கட்டில் ஒரு சீட்டு நான்கு பிரதி இருந்தால், முதல் ஏழு சீட்டில் அது ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு 55 சதவீதம். கட்டை 60 ஆக்கினால் அது 40 சதவீதம். ஒரே ஒரு பிரதிதான் என்றால் 12 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதாவது 60/4 விதிக்குப் பிறகு உங்கள் உயிர்ச் சீட்டு பத்து ஆட்டத்தில் நான்கில்தான் ஆரம்பத்திலேயே கைக்கு வரும். மீதி ஆறில் வராது. வராதபோது என்ன செய்வீர்கள்?

அந்தக் கேள்விதான் கட்டுக் கட்டுவதை ஒரு கலையாக்கியது என்பது என் எண்ணம். உச்சவரம்பு இல்லாதபோது கேள்வி 'எது மிகச் சிறந்த சீட்டு' என்பது மட்டும்தான். விடை கிடைத்தால் அதையே நிரப்பிவிடலாம். நான்கோடு நின்றுவிட வேண்டும் என்றதும் ஐந்தாவது இடத்துக்கு இன்னொரு சீட்டு தேவை. அது முதல் சீட்டோடு ஒத்துப்போக வேண்டும். முதலாவது வராத நாளில் அதுவே நின்று ஆட வேண்டும். நிலம் போக 36 இடம் என்றால் குறைந்தது ஒன்பது விதமான சீட்டுகளைத் தேடியாக வேண்டும். அந்த ஒன்பதுக்கும் ஒன்றோடொன்று என்ன உறவு என்று யோசித்தாக வேண்டும். எல்லாரும் ஒரே விடைக்குப் போகிற வழி அடைபட்டதும் ஆளுக்கு ஒரு வழி திறந்தது.

ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தவை

1994 ஆகஸ்டில் மில்வாக்கியில் முதல் உலகப் போட்டி. ஜெயித்தவர் அமெரிக்காவின் ஸாக் டோலன். அவர் கட்டின் அடிப்படை இரண்டு சீட்டுகளின் கூட்டு. ஸ்டேசிஸ் என்ற சீட்டு கீழே இருக்கும்வரை, ஒருமுறை பயன்படுத்திச் சாய்த்து வைத்த எதையும் யாரும் நிமிர்த்த முடியாது. நிலம், உயிரினம் எல்லாம் ஒருமுறையோடு சரி. உயிரினங்கள் தாக்கப் போனால் சாய வேண்டும் என்பது பொது விதி. செர்ரா ஏஞ்சல் என்ற தேவதை மட்டும் சாயாமலே தாக்கும். ஊரே உறைந்து நிற்க, ஒருத்தி மட்டும் பறந்து பறந்து அடிப்பாள். தனித்தனியாகப் பார்த்தால் ஸ்டேசிஸ் இரண்டு பேரையும் கட்டிப்போடும் சீட்டு. தேவதையோடு சேர்ந்தால் எதிராளியை மட்டும் கட்டிப்போடும்.

அடுத்து பிரையன் வைஸ்மன். 90-களின் நடுவில் 'த டெக்' என்றே பெயர் பெற்ற கட்டு அவருடையது. பெயரிலேயே எவ்வளவு தைரியம் பாருங்கள். அதில் எதிராளியை வீழ்த்துவதற்கென்று முக்கியமாக இருந்தது இரண்டே இரண்டு செர்ரா ஏஞ்சல். மீதியெல்லாம் எதிராளி செய்வதைத் தடுக்கவும், அழிக்கவும், தன் கைக்கு மேலும் சீட்டு சேர்க்கவும்தான். அவர் கணக்கு எளிது. நான் ஒரு சீட்டைச் செலவழித்து உன்னுடைய இரண்டைக் காலி செய்தால் எனக்கு ஒன்று லாபம். இந்த லாபம் சேரச் சேர, கடைசியில் உன் கை காலி, என் கை நிறைந்திருக்கும். அப்புறம் தேவதை மெதுவாக வந்தால் போதும், என்ன அவசரம்? இன்னொரு தந்திரமும் உண்டு. எதிராளி தன் கட்டில் உயிரினங்களைக் கொல்வதற்கென்று எட்டு, பத்துச் சீட்டு வைத்திருப்பார். இங்கே கொல்வதற்கு ஆளே இல்லையே, அத்தனையும் கையில் வெறும் காகிதம்.

மூன்றாவது கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1996-ல் அட்லாண்டாவில் ஒரு தகுதிப் போட்டி. பால் ஸ்லை என்ற ஆட்டக்காரர் சிவப்புக் கட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். பட்டியலைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். அயர்ன்க்ளா ஆர்க்ஸ் மாதிரி, கொஞ்சம் பலமுள்ள எதிரி வந்தாலே தடுக்க மறுக்கும் சொத்தைச் சீட்டுகள். யாரும் சும்மா கொடுத்தால்கூட வாங்காதவை. அந்தக் கட்டு பெரிய பெரிய கட்டுகளைத் தள்ளிக்கொண்டு முன்னேறியது.

ஷ்னைடர் சீட்டின் தரத்தை விட விலையைத்தான் பார்த்தார். முதல் முறை கையில் 1 மனா இருக்கும், அப்போது இறக்க 1 மனா சீட்டு இருக்க வேண்டும். இரண்டாம் முறை 2, மூன்றாம் முறை 3. எந்த முறையும் ஒரு மனாகூட வீணாகக் கூடாது. எதிராளி 5 மனா கொடுத்து இறக்கும் ராஜாவுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் நேரத்தில், இவருடைய சில்லறை ஆட்கள் நாலு அடி அடித்துவிட்டு வந்திருப்பார்கள். ஒரு சர்வரை முழுத் திறனில் ஓட்டத் தெரிந்தவனுக்கும், விலை உயர்ந்த சர்வரை வாங்கிப் பாதி நேரம் சும்மா வைத்திருப்பவனுக்கும் உள்ள வித்தியாசம்தான். எத்தனை சீட்டு 1 மனா, எத்தனை 2 என்று வரைந்து பார்க்கும் இந்த வரைபடத்தை 'மனா கர்வ்' என்கிறார்கள். இன்று எந்தச் சீட்டு ஆட்டத்தின் செயலியைத் திறந்தாலும் கட்டுக்குப் பக்கத்தில் அந்த வரைபடம் இருக்கும்.

இதில் நிலக் கணக்கும் சேரும். 60-ல் 24 நிலம் வைத்தால், முதல் ஏழில் நிலமே இல்லாமலோ ஒன்று மட்டுமோ வருவதற்கு 14 சதவீத வாய்ப்பு. 20 நிலம்தான் என்றால் அது 25 சதவீதம், நாலில் ஒரு ஆட்டம். விலை உயர்ந்த சீட்டுகளை நம்பும் கட்டுக்கு அது தற்கொலை. எல்லாமே 1, 2 மனா என்கிற கட்டு ஒரே நிலத்தோடும் ஆட்டத்தைத் தொடங்கிவிடும். நிலத்தைக் குறைத்து, அந்த நாலு இடத்தில் நாலு அடியாளைச் சேர்த்துக்கொள்ளும். சொத்தைச் சீட்டின் மலிவு இப்படிக் கட்டின் மற்ற மூலைகளில் லாபமாகத் திரும்பி வருகிறது.

ஸ்டேசிஸ் கூட்டு, சீட்டு லாபம், மனா கர்வ் என்ற பாடங்களில் எதையும் விதிப்புத்தகம் சொல்லித் தரவில்லை. கார்ஃபீல்ட் சீட்டுகளைத் தந்தார். 60/4 ஒரு வேலியைப் போட்டது. வேலிக்குள் விவசாயம் பார்த்தவர்கள் ஆட்டக்காரர்கள்.

இது யாருடைய கட்டு?

அடுத்த பிரச்சினை அங்கேதான் முளைத்தது. 1996 பிப்ரவரியில் நியூயார்க்கில் முதல் புரோ டூர், பரிசுப்பணத்தோடு. ஏறக்குறைய அதே காலத்தில் ஃப்ராங்க் குசுமோட்டோ நடத்திய 'த டோஜோ' என்ற இணையதளம் போட்டியில் ஜெயித்த கட்டுகளின் பட்டியல்களையும் ஆட்ட அனுபவங்களையும் வெளியிட ஆரம்பித்தது. யாரோ மூன்று மாதம் மண்டையை உடைத்துக் கட்டியதை இன்னொருவர் ஐந்து நிமிடத்தில் பார்த்து எழுதிக்கொள்ளலாம். இதற்கு 'நெட்டெக்' என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். அந்தச் சண்டை இன்றுவரை ஓயவில்லை. ஒரு பக்கம், சுயபுத்தி இல்லாதவன் செய்யும் வேலை என்கிறார்கள். மறுபக்கம், சதுரங்கத்தில் சிசிலியன் தடுப்பை ஆடுகிறவன் அதைத் தானே கண்டுபிடிக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

எங்கள் மதிய இடைவேளைக் கூட்டத்திலும் இந்தச் சண்டை வந்தது. பொதுச் சீட்டுகளை மட்டும் அனுமதிக்கும் 'பாப்பர்' முறையில்தான் நாங்கள் ஆடுகிறோம், மாதச் சம்பளக்காரர்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும். இணையத்திலிருந்து ஒரு சிவப்புக் கட்டின் பட்டியலை எடுத்து, ஆறு சீட்டை மட்டும் மாற்றிக் கொண்டுபோனேன். ஜெயித்தேன். எதிரில் இருந்த நண்பர் கேட்டார்: "நல்லாத்தான் ஆடுனீங்க. ஆனா இது உங்க கட்டா?"

அந்தக் கேள்வியோடு கொஞ்ச நாள் இருந்தேன். அப்போதுதான் மைக் ஃப்ளோரஸ் 1999-ல் எழுதிய ஒரு பழைய கட்டுரை கண்ணில் பட்டது. 'யார் இங்கே அடிக்கிறவர்?' என்கிற அர்த்தத்தில் தலைப்பு. அவர் சொன்னதன் சாரம் இது. ஒரே மாதிரியான இரண்டு கட்டுகள் மோதும்போது ஒருவர் அடிக்கிறவர், மற்றவர் தாங்குகிறவர். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை உங்கள் கட்டு மட்டும் தீர்மானிக்காது, எதிரில் இருக்கும் கட்டையும் பார்க்க வேண்டும். தாங்க வேண்டிய இடத்தில் அடிக்கப் போனவர் தோற்பார். அப்படியானால் 60 வரிப் பட்டியலைக் கையில் வாங்கியதும் கட்டு கைக்கு வந்துவிடாது. ஒவ்வொரு சீட்டும் ஏன் அங்கே இருக்கிறது, எவரை எதிர்த்து எப்போது அதை அடக்கி வைக்க வேண்டும் என்று தெரியும்வரை அது இன்னொருவரின் கட்டுதான்.

எங்கள் தொழிலில் இது தினசரி நடப்பது. திறந்த மூல நிரலை எடுத்துப் போடுவதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. நடு ராத்திரி அது விழுந்து கிடக்கும்போது எந்த வரி எதற்கு என்று சொல்லத் தெரிந்தவர்தான் அதற்குச் சொந்தக்காரர். நான் மாற்றிய ஆறு சீட்டுக்கும் காரணம் சொல்ல முடிந்தது. மீதி நிலங்களையும் மந்திரங்களையும் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தால் பாதியில்தான் நின்றிருப்பேன். இப்போது ஒரு நோட்டில் சீட்டுக்கு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். காரணம் எழுத வராத சீட்டு கட்டை விட்டு வெளியே போகும்.

அலாஸ்காவிலிருந்து வந்த பதில்

இதே கேள்விக்கு வேறொரு கூட்டம் வேறு விதமாகப் பதில் சொன்னது. 90-களில் அலாஸ்காவில் ஆடம் ஸ்டேலியும் நண்பர்களும் தங்களுக்குள் ஒரு முறையை வகுத்துக்கொண்டார்கள். கட்டில் 100 சீட்டு, அடிப்படை நிலம் தவிர எதுவும் 1-க்கு மேல் கூடாது. ஒரு தலைவன் சீட்டு எப்போதும் தனியாகக் கைவசம் இருக்கும். 1994-ல் வந்த லெஜண்ட்ஸ் தொகுப்பின் மூத்த டிராகன்கள்தான் அப்போது தலைவர்கள். ஷெல்டன் மெனரி என்ற போட்டி நடுவர் இதை மற்ற நடுவர்களிடம் பரப்பினார். பகல் முழுக்க அடுத்தவர் சண்டையைத் தீர்த்துவைத்துவிட்டு, இரவில் அவர்கள் சந்தோஷத்துக்காக ஆடிய ஆட்டம் அது. 2011-ல் கம்பெனியே இதற்குக் 'கமாண்டர்' என்ற பெயரில் கட்டுகள் வெளியிட்டது. இன்று மிக அதிகம் பேர் ஆடும் முறைகளில் இது ஒன்று.

4 என்ற எண்ணை 1 ஆக்கியதும் என்ன நடந்தது என்று பாருங்கள். நிலம் போக அறுபதுக்கு மேற்பட்ட வெவ்வேறு சீட்டுகளைத் தேட வேண்டும். தன் பெட்டியில் கிடக்கும், யாரும் சீந்தாத சீட்டுக்கும் ஒரு இடம் கிடைக்கும். இரண்டு பேர் கட்டு ஒரே மாதிரி அமைவது குறைந்துபோகும்.

பழைய பிரச்சினை அங்கேயும் வராமல் இல்லை. 2024 செப்டம்பரில் கமாண்டர் விதிகளைக் கவனித்துவந்த தன்னார்வக் குழு சில சீட்டுகளைத் தடை செய்தது. அதில் ஒன்றின் பெயர் ஜூவல்ட் லோட்டஸ், ப்ளாக் லோட்டஸின் வாரிசு. விலை உயர்ந்த சீட்டுகளை வாங்கி வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். குழுவினருக்கு மிரட்டல்கள் போயின. ஒரே வாரத்தில் பொறுப்பு கம்பெனியிடம் கைமாறியது. விலையும் அரிதுத்தன்மையும் ஆட்டத்தைக் காப்பாற்றும் என்ற 1993-ன் கணிப்பு 31 வருடம் கழித்து இன்னொரு தாமரையின் பெயரில் இன்னொரு முறை தோற்றது. இந்த முறை சம்பளம் வாங்காத சில நடுவர்கள் தலையில் விடிந்தது.

விதி எழுதுகிறவர்களுக்கு இதில் பாடம் உண்டு. விலையை வைத்துத் தடுத்தால் காசுள்ளவனுக்கு மட்டும் கதவு திறக்கும். எண்ணை வைத்துத் தடுத்தால் எல்லாருக்கும் ஒரே வேலி. அதற்குள் ஸ்லை மாதிரி ஒருவர் சொத்தைச் சீட்டோடும் வரலாம்.

ஆட ஆசைப்படுகிறவர்களுக்கு: பெரிய செலவு வேண்டாம். பாப்பர் முறையில் ஒரே நிறத்தில் தொடங்குங்கள். லைட்னிங் போல்ட் நான்கு, 1, 2 மனா உயிரினங்கள், இருபது மலை. நண்பர்களுக்குள் ஆடுவதானால் வெள்ளைத்தாளில் அச்சடித்து உறைக்குள் சொருகிக்கொண்டாலே போதும். ஏற்கெனவே கட்டு வைத்திருப்பவர்கள் உங்கள் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். சீட்டுக்கு ஒரு வரி, ஏன் இருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். என் நோட்டில் இன்னும் ஏழு வரி காலியாக இருக்கிறது, யாருடைய காரணமாவது உதவும்.